நம்பர் போடாத நாவல்

எழுத்தாளர்கள் உட்காருவதற்கென்று அந்தப் பதிப்பகத்தில் தனியாக ஒரு நாற்காலி இருந்தது. இருக்கை தொய்ந்துபோன நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த நிலையில் யாராலும் கோபமாகப் பேச முடியாது என்பதால், அதை மாற்றலாம் என்று யார் சொன்னாலும் முதலாளி காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை வந்த கண்டக்டரம்மா அதில் உட்காரவில்லை.

"இருக்கட்டும்மா. நாள் பூரா நின்னே பழக்கம். உக்காந்தா எனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லி, ஜன்னலோரம் சாய்ந்து நின்றுகொண்டார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, பைக்குள் டிக்கெட் கட்டு. மதியம் இரண்டு மணிக்குத்தான் டூட்டி. வயது ஐம்பத்து நாலு. இருபத்தேழு வருஷமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஒரே தடத்தில் போய்வந்து கொண்டிருப்பவர். எழுதியிருப்பது முதல் நாவல்.

"நிதானமா பாருங்கக்கா. எங்கயாவது மாத்தணும்னா இதான் கடைசி சான்ஸ். திங்கக்கிழமை காலையில பிரஸ்ஸுக்குப் போயிடும்" என்று புரூஃப் கட்டை அவர் கையில் கொடுத்தாள் கத்தரி.

கத்தரி என்பது எழுத்தாளர்கள் வைத்த பெயர். இருபத்து மூன்று வயதில் புரூஃப் பார்க்க அந்த மாடிப்படி ஏறியவள், இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய அலங்கார வரிகளை வெட்டி வீசியிருக்கிறாள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர்தான். ஆனால் அடுத்த புத்தகத்தையும் அவளிடமே கொண்டுவந்தார்கள். முதலாளிக்கு எழுபது தாண்டிவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவருடைய அறையும், எந்தப் புத்தகம் வரலாம் எது வரக்கூடாது என்று சொல்லும் பொறுப்பும் அவளுக்கு. அதற்கு ஒரு பரீட்சை போலத்தான் இந்த நாவல். "நீயா ஒண்ணு தேர்ந்தெடு. நான் ஒரு வரி படிக்க மாட்டேன். அச்சாகி வந்தப்புறம்தான் தொடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

அவள் தேர்ந்தெடுத்தது இதை. தபாலில் வந்த கையெழுத்துப் பிரதி. இருநூற்றுப் பன்னிரண்டு தாள், முப்பத்தோரு அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பயணியின் கதை. தாளில் லேசாகச் சோப்பு வாசனைகூட அடித்தது. சுத்தமான மனுஷி போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் இருவரும் போனிலேயே வேலை பார்த்திருந்தார்கள். பஸ் கடைசி ஸ்டாப்பில் நிற்கும் பத்து நிமிஷம்தான் நேரம். "அக்கா, இன்னிக்குக் 'குடை மறந்தவள்' அத்தியாயத்தை எடுத்துக்கலாமா?" என்று இவள் கேட்பாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்க, டீயை உறிஞ்சிக்கொண்டே, "அந்த மூணாவது பாரால அழுகை ஜாஸ்தியா இருக்கோ?" என்பார் அவர்.

கண்டக்டரம்மா முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பக்கம் தள்ளினார். கடைசிக்குப் போனார். நடுவில் வந்தார். சிரிப்பு எங்கேயோ இறங்கிக்கொண்டது.

"என் மொத நாள் எங்க?"

"'முதல் விசில்' அத்தியாயமா? நூத்தி நாப்பதாம் பக்கத்துல இருக்கேக்கா."

"வேலைக்குச் சேர்ந்த நாள் எப்படிம்மா நூத்தி நாப்பதாம் பக்கத்துல வரும்? அப்ப வேலைக்கே சேராம நூத்தி நாப்பது பக்கம் டிக்கெட் கிழிச்சேனா நான்?"

கத்தரி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க அனுப்பின வரிசை அதானேக்கா?"

"நான் அனுப்பினது மொத வருஷத்துலேர்ந்து இருபத்தேழாவது வருஷம் வரைக்கும். வருஷ வாரியா. இது என்ன, புள்ள குட்டி பெத்த எரட்டைப் பின்னல்காரி அடுத்த அத்தியாயத்துல பள்ளிக்கூடம் போறா?"

"அதுதானேக்கா அழகே! ஒரு வாழ்க்கையையே ஒரே ட்ரிப்புல சொல்லிட்டீங்கன்னு லெட்டர் எழுதினேனே?"

"எழுதினீங்க. அந்த லெட்டருக்கு ஃப்ரேம் போடாததுதான் பாக்கி. பாராட்டுன்னா இலக்கியக்காரங்க அப்படித்தான் எழுதுவாங்கன்னு இருந்தேன். நெஜமாவே ஒரே ட்ரிப்புன்னு யாரு கண்டா?"

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருந்தீங்கன்னா..."

"நாள் பூரா நம்பர் போட்ட டிக்கெட்டையே கிழிக்கிறேன். எனக்குன்னு எழுதறதுலயும் நம்பரா? அதான் போடல. அத்தியாயத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, வரிசையா அடுக்கித்தானே அனுப்பினேன்!"

மேசை மேல் கிடந்த பழைய உறையை இழுத்து, அதன் முதுகில் முப்பத்தோரு தலைப்பையும் மடமடவென்று எழுதினார். ஒரு இடத்தில்கூடப் பேனா நிற்கவில்லை.

"இதான் வரிசை. இப்படிப் போடுங்க. இல்லேன்னா கட்டிக் கையில குடுத்துடுங்க, எடுத்துட்டுப் போறேன். உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா என் பஸ்ஸை வேற யாரோ ஓட்டுற மாதிரி இருக்கு, அது எனக்கு ஆகாது."

படியில் பூட்ஸ் சத்தம் இறங்கிப் போனது.

முதலாளி தன் அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"எழுதினவங்க சம்மதம் இல்லாம ஒரு கமா நகரக்கூடாது. அது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"தெரியும் சார். அவங்க வரிசையிலேயே போட்டுடலாம்."

"போடலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த வரிசையில வந்திருந்தா இதை நீ எடுத்திருப்பியா?"

கத்தரி உறையை எடுத்து அந்த முப்பத்தோரு தலைப்பையும் பார்த்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுத் திங்கக்கிழமை பத்து மணிக்குச் சொல்லு. எடுத்திருக்க மாட்டேன்னா, எடுக்காத புத்தகத்தை நம்ம பேர் போட்டு விக்க முடியாது. அதை அவங்ககிட்ட நீதான் சொல்லணும். பிரஸ்ல வேற புத்தகத்தை ஏத்திடலாம்." அறைக்குள் போகத் திரும்பியவர் நின்றார். "இந்த நாற்காலியை நம்பி நாப்பது வருஷம் ஓட்டிட்டேன். நிக்கிற எழுத்தாளர் வருவாங்கன்னு எதிர்பாக்கல."

சாயங்காலம் மூலப் பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தரி வீட்டுக்கு வந்தாள். மாடியில் வீடு. கீழே புருஷனின் சலவைக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் எப்போதும்போல் முகத்தில் அடித்தன. அவள் அப்படியே நின்றாள். பிரதியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். கடையை முகர்ந்து பார்த்தாள். மறுபடி பிரதியை.

அதே சோப்பு.

கல்லாவில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தார். "என்னடி, ஊற வச்ச துணியாட்டம் மூஞ்சி?"

"அண்ணி, இந்தக் காகிதம் எப்பவாவது நம்ம கடையில நனைஞ்சுதா?"

உள்ளே நீராவி இஸ்திரிப் பெட்டியின் புஸ்ஸென்ற சத்தம் சட்டென்று நின்றது. தெருவே 'இஸ்திரி' என்று கூப்பிடும் அவள் புருஷன், ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை விரல்களால் நீவிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் அண்ணி. "சொல்ல மாட்டேன்னு தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஏழு மாசத்துக்கு முன்னாடி நீ புத்தகக் கண்காட்சின்னு வெளியூர் போனப்ப, பெரிய மிஷினோட பைப்பு புடுங்கிக்கிட்டுக் கடை பூரா முழங்கால் தண்ணி நின்னுதே, அதைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். நீ மடிக்கிற மேசை மேல வச்சுட்டுப் போன கட்டை இவன் பதறி ஓடுறப்ப தட்டிவிட்டதைப் பத்தியும் பேச மாட்டேன். ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டு ஒவ்வொரு தாளா கிளிப்பு மாட்டிக் காயப் போட்டானே, அது எனக்குத் தெரியவே தெரியாது."

"அக்கா!" என்றான் இஸ்திரி.

"நான் என்னடா சொன்னேன் இப்ப?"

கத்தரி பிரதியை மேசையில் வைத்தாள். "சொல்லுங்க."

"பால்பாயிண்ட் பேனா, அதனால தப்பிச்சுது. ஒரு எழுத்து கரையல" என்று அவன் சட்டையிடமே சொன்னான். "மொதல்ல குண்டூசியை எடுத்துட்டேன். ஈரத்துல துருப்புடிச்சா அந்தக் கறை போகவே போகாது. ஒரு அத்தியாயம் இன்னொண்ணோட கலந்துடக் கூடாதுன்னு துணிக்குப் போடுற அட்டையையே ஒண்ணொண்ணுக்கும் மாட்டினேன். காய வச்சு, மெல்லிசுத் துணியைப் போத்தி, சூடு கம்மியா வச்சுத் தேச்சேன். ஒரு தாள் சுருங்கல பாத்தியா?"

"தாள் சுருங்கல. நான்தான் சுருங்கிட்டேன். வரிசை?"

"அதுல நம்பர் இல்லியே! விழுந்தப்ப முப்பத்தோரு கட்டும் முப்பத்தோரு திசையில மிதந்துச்சு. பதினாறு வருஷத்துல ஒருத்தர் சட்டையை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்தது கிடையாது நான். உனக்குப் போய் மாத்திக் குடுப்பனா? எது எங்க போகணும்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன்."

"பாத்தீங்களா, படிச்சீங்களா?"

அவன் சட்டையின் கடைசிப் பட்டனைப் போட்டான்.

"படிச்சேன்" என்றான் அவன்.

பத்தொன்பது வருஷத் தாம்பத்தியம். புத்தகம் என்றாலே இரண்டாம் பக்கத்தில் குறட்டை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். 'எனக்குத் தெரிஞ்ச எழுத்தெல்லாம் துணி மேல போடுற குறிதான்' என்பான். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள்கூட, "அப்பாவுக்குக் கதை சொல்லணும்னா வாஷிங் மிஷின் கதாபாத்திரமா வரணும்மா" என்று கிண்டல் செய்வாள். கத்தரியும் சிரிப்பாள். ஆனால் நல்லதொரு பக்கத்தைப் படித்து முடித்துச் சொல்ல ஆள் தேடும் போதெல்லாம், அந்தச் சிரிப்பு கொஞ்சம் கசக்கும்.

"அவ அலமாரியில இருக்கிற அத்தனையும் படிச்சாச்சுன்னு சொல்லேண்டா" என்றார் அண்ணி. "நீ ஆபீஸ் போனதும் எடுப்பான், நீ படி ஏறுற சத்தம் கேட்டதும் வச்சிடுவான். திருட்டு சிகரெட்டு புடிக்கிறவன்கூட இவ்வளவு பயப்பட மாட்டான்."

"எதுக்குங்க மறைக்கணும்?"

அவன் சட்டையை ஹேங்கரில் மாட்டினான். "கல்யாணம் ஆன புதுசுல உன் ஆபீஸ்லேர்ந்து மூணு பேரு சாப்பிட வந்தாங்க. நீ புரூஃப் பாத்த ஒரு புத்தகத்தைப் பத்திப் பேச்சு வந்துது. கடைசி அத்தியாயம் இல்லாமலேயே நல்லா இருந்திருக்கும்னு சொன்னேன். 'சட்டையை மடிக்கிற மாதிரி நாவலையும் மடிக்கப் பாக்கறார்'னு நீ சொன்னே. எல்லாரும் சிரிச்சீங்க."

அவளுக்கு அந்தச் சாப்பாடு ஞாபகம் இல்லை. வந்த மூன்று பேர் ஞாபகம் இல்லை. அந்தப் புத்தகம் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு வருஷம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த எழுத்தாளரே கடைசி அத்தியாயத்தைத் தூக்கிவிட்டார். அதை மெதுவாகச் சொன்னாள்.

"தூக்கிட்டாரு. பாத்தேன்" என்றான் அவன், குறை ஏதும் இல்லாத குரலில்.

கத்தரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வருமென்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. கூடவே கொஞ்சம் அதுவும்.

"சரி, எதை வச்சு அடுக்கினீங்க?"

"வருஷம் எங்கயும் போடல அவங்க. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டாப்பு வருது. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கு அதே பதினேழுலதானே போனேன்? மொத ஸ்டாப்புலேர்ந்து கடைசி ஸ்டாப்பு வரைக்கும் அடுக்கினேன். ஒரே ஸ்டாப்புக்கு ரெண்டு இருந்தா, காலையில நடக்குறதை முன்னாடி வச்சேன். அதான் சரியான வரிசைன்னு சத்தியமா நம்பினேன். நீ படிச்சுட்டு ஆகா ஊகான்னதும், அப்பாடா, சரியா அடுக்கிட்டோம்னு இருந்துட்டேன்."

சனிக்கிழமை காலை அதே மடிக்கிற மேசையில், உறையின் முதுகில் இருந்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து இருவரும் நாவலைக் கலைத்து அடுக்கினார்கள். ஒரு பக்கம் போர்வைகளும் மேசை விரிப்புகளும், நடுவில் இருபத்தேழு வருஷம். பிறகு அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தாள். அண்ணி ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்து, ஆறியதும் திருப்பி எடுத்துப்போய், மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்தார். பத்தாவது அத்தியாயத்தில் கத்தரியின் விரல் தானாகவே மீதித் தாள்களின் தடிமனைத் தடவிப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கதைகள் அதேதான். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் முதல் வருஷத்துக்குப் பிறகு இரண்டாம் வருஷம் வந்தது, இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு மூன்றாம் வருஷம் வந்தது.

"எப்படி?" என்று கேட்டான் இஸ்திரி.

"நீங்க சொல்லுங்க."

அவன் சந்தேகமாக அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல பஸ்ஸு டிப்போலயே நிக்குது."

அவள் தாள்களைக் கட்டிவிட்டு எழுந்தாள். "நாளைக்குக் காலையில அவங்களுக்கு மொத ட்ரிப்பு. நீங்க என்கூட வர்றீங்க."

"நானா? நான் எதுக்கு?"

"தட்டிவிட்டது யாரு?"

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணி பஸ்ஸில் கூட்டம் இல்லை. லேசான தூறல். பின்படியில் நின்ற கண்டக்டரம்மா இருவரையும், கத்தரியின் கையிலிருந்த கையெழுத்துப் பிரதி, புரூஃப் என்ற இரண்டு கட்டுகளையும் பார்த்தார்.

"நாவல் பேசணும்னா பேசலாம். ஆனா டிக்கெட் எடுத்துட்டுத்தான் பேசணும். எதுவரைக்கும்?"

"கடைசி வரைக்கும்" என்றான் இஸ்திரி.

அவர் அவனை உற்றுப் பார்த்தார். "நீ அந்த ஆஸ்பத்திரி மூட்டைக்காரன்தானே? வெள்ளைக் கோட்டு மூட்டையை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் சீட்டுதான் வேணும்னு அடம் புடிப்பியே!"

"ஆமாங்க. முப்பத்தோரு அத்தியாயம் எழுதியிருக்கீங்க, என்னைப் பத்தி ஒரு வரி இல்ல."

"தெனமும் சரியா டிக்கெட் எடுத்து, சரியா எறங்கிப் போனவன் நீ. உன்னைப் பத்தி என்னத்த எழுதுறது?"

விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. நடந்ததையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, மிஷின் பைப்பு வரைக்கும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தவர், கிளிப்பு மாட்டிக் காயப் போட்ட இடத்தில் விசிலைக் கடித்துக்கொண்டார்.

"தேச்சியா? என் நாவலையா?"

"ரெண்டு பக்கமும்."

"ஆண்டவா" என்றார். பஞ்சாலை ஸ்டாப்பில் ஏறிய நாலு பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது கத்தரியின் பக்கம் திரும்பினார். "சரி, தப்பு நடந்துடுச்சு. இப்ப என் வரிசையில படிச்சீங்கல்ல? நேரா கேக்கறேன். இப்படியே தபால்ல வந்திருந்தா எடுத்திருப்பீங்களா?"

வழியெல்லாம் இதற்குத்தான் அவள் பதில் தயாரித்துக்கொண்டு வந்தாள். மென்மையான பதில்கள் ஏழெட்டு வைத்திருந்தாள். திருப்பி அனுப்பும் கடிதங்களில் அவற்றையெல்லாம் எத்தனையோ முறை எழுதியும் இருக்கிறாள். ஈரக் கண்ணாடிக்கு வெளியே ஓடிய சுவரைப் பார்த்தாள்.

"எடுத்திருக்க மாட்டேன்க்கா."

கண்டக்டரம்மா டிக்கெட் கட்டைப் பைக்குள் செருகினார். படிக்குப் போய் நின்றுகொண்டார். இரண்டு ஸ்டாப் கடந்தது. முன்னாலிருந்து டிரைவர் கத்தினார்: "என்னக்கா, பின்னால சத்தமே காணோம்? சண்டையா? நிறுத்தட்டுமா?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா!"

திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடி நாலு எடத்துக்கு அனுப்பினேன். நாலு பேரும் திருப்பிட்டாங்க. 'தங்கள் முயற்சிக்கு வாழ்த்துகள்.' ஏன்னு ஒருத்தர் சொல்லல. வாழ்த்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கீங்க." மூச்சை இழுத்து விட்டார். "சொல்லு தம்பி. உன் வரிசையில அப்படி என்ன இருக்கு?"

இஸ்திரி கத்தரியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"இந்த நூலகம் ஸ்டாப்பு வருது பாருங்க, இங்கதானே குடை மறந்தவ எறங்குறா? மழையில எறங்கிப் போனவ திரும்பியே பாக்கல, குடை சீட்டுலயே கெடக்குது. அவ அதுக்கப்புறம் இந்த பஸ்ஸுல ஏறவே இல்ல."

"மூணாவது வருஷம் அது."

"எனக்கு வருஷம் தெரியாதுங்க. அடுத்த ஸ்டாப்பு கண்ணாடி ஃபேக்டரி. அங்க ஏறுறாரு 'நனையாத மனுஷன்'. வயசானவரு. அவர் கையில குடை. உங்க வரிசையில அவளுக்கும் அவருக்கும் நடுவுல நூத்தம்பது பக்கம். யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதுல அவ எறங்கின கையோட இவர் ஏறுறாரு. அந்தக் குடையைப் பாத்ததும் எனக்குத் தேச்சுக்கிட்டிருந்த கை நின்னுடுச்சு."

"என்ன பாத்தே குடையில?"

"மரக் கைப்பிடி. கிளி மூக்கு. மூக்கு நுனி ஒடஞ்சிருக்கும். ரெண்டுலயும் எழுதியிருக்கீங்களே!"

கண்டக்டரம்மாவின் கை கம்பியிலிருந்து நழுவியது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, இருபத்தேழு வருஷத்தில் ஒரு முறையும் தடுமாறாதவர் தடுமாறி, காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டையும் கண்ணால பாத்துத்தான் எழுதினேன்" என்றார் மெதுவாக. "பாத்ததை அப்படியே எழுதினேன். ரெண்டும் ஒரே குடையா இருக்கும்னு... எனக்குத் தோணவே இல்லியே. அந்தப் பொண்ணோட அப்பாவா இருக்குமோ அவரு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. எழுதினது நீங்க."

கண்டக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி ஃபேக்டரி ஸ்டாப்பில் குடை பிடித்த இரண்டு பெண்கள் ஏறினார்கள். அவர்களுடைய குடைகளை அவர் அப்படி வெறித்துப் பார்த்ததில், ஒருத்தி குடையை அவசரமாக மடக்கிக்கொண்டாள்.

"குடுங்க அந்தக் கட்டை" என்று கத்தரியிடம் கையை நீட்டினார். "என் வரிசையில அடுக்கினது இல்ல, புரூஃப் கட்டு."

அதன்பிறகு ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எழுந்து, டிக்கெட் கிழித்து, விசில் ஊதி, வந்து உட்கார்ந்து படித்தார். நடுவில் ஒருமுறை சத்தமாகச் சிரித்தார். ஒருமுறை விசில் ஊத மறந்து டிரைவரிடம் திட்டு வாங்கினார். கத்தரியும் இஸ்திரியும் பரீட்சை எழுதியவர்கள் வாத்தியார் முகத்தைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலம் நெருங்கும்போது அவர் நிமிர்ந்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு."

கத்தரி சீட்டு நுனிக்கு வந்தாள். "என்னக்கா?"

"'சில்லறை வாத்தியார்' அத்தியாயத்தைப் பாலத்துக்கு முன்னாடி ஏத்தியிருக்கான் உங்க வீட்டுக்காரன். அந்த ஸ்டாப்பு இப்ப அங்க இல்ல. எட்டு வருஷம் முன்னாடி பாலத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. வாத்தியார் அதுக்கப்புறம் வந்தவரு. அவர் பாலத்தைத் தாண்டித்தான் ஏறணும்."

"நான் போன காலத்துல..." என்று ஆரம்பித்தான் இஸ்திரி.

"நீ போன காலத்தை நீ எழுது. இது என் பஸ்ஸு."

அந்த 'என்' என்ற சொல்லைக் கேட்டதும் கத்தரிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கடைசி ஸ்டாப்பில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கியபின் கண்டக்டரம்மா புரூஃபின் முதல் பக்கத்தில், காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து எழுதினார்: 'வரிசை இதுவே. வாத்தியார் மட்டும் பாலத்துக்கு அப்பால்.' கையெழுத்துப் போட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, அடியில் அன்றைய தேதியையும் பஸ் நம்பரையும் போட்டார்.

"நம்பர் பிடிக்காதுன்னீங்களே?" என்றாள் கத்தரி.

"பட்டாச்சு. இனிமே போடுறேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். சோப்பு வாசனையிலிருந்து குடை வரைக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்ப இதைத் தேர்ந்தெடுத்தது நீயா, உன் வீட்டுக்காரரா?" என்றார்.

"எழுதினது அவங்க சார். அடுக்கினது அவர். எடுத்தது நான்."

"அவங்ககிட்ட எடுத்திருக்க மாட்டேன்னு சொன்னியே, அவங்க அப்படியே எறங்கிப் போயிருந்தா?"

"போயிருந்தா நான் தோத்திருப்பேன் சார். ஆனா பொய் சொல்லி அந்தப் புத்தகத்தை அச்சடிச்சிருந்தா, உங்க அறையில என்னால உக்கார முடியாது."

முதலாளி மேசை டிராயரைத் திறந்து அறைச் சாவியை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"என்ன வேணும்னாலும் மாத்திக்கோ. அந்தத் தொய்ஞ்ச நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கட்டும்."

புத்தகம் வந்தது. கண்டக்டரம்மா பிடிவாதமாக இருந்ததால், பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தில், அட்டை வடிவமைப்பு, அச்சகம் எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: அத்தியாய வரிசை — இஸ்திரி. அண்ணி அந்தப் பக்கத்தை மட்டும் திறந்துவைத்துக் கல்லாவில் நிறுத்தியிருந்தார். துணி வாங்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கத்தரி ஒரு தடித்த உறையோடு கடைக்குள் வந்து, அதை மடிக்கிற மேசையின் நடுவில் வைத்தாள். இஸ்திரி பயந்துபோய் முதலில் பெரிய மிஷினின் பைப்பைப் பார்த்தான். பிறகு உறையைப் பார்த்தான்.

"இதுல நம்பர் இருக்கா?"

"இருக்கு. ஒண்ணுலேர்ந்து முன்னூத்தி நாலு வரைக்கும்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"படிங்க."

அவன் அவள் முகத்தை ஆராய்ந்தான். "படிச்சுட்டு ஏதாவது தோணுச்சுன்னா?"

"சொல்லுங்க."

"கடைசி அத்தியாயம் வேண்டாம்னு தோணுச்சுன்னா?"

"ஏன்னு கேப்பேன். சிரிக்க மாட்டேன்."

இஸ்திரி உறையைப் பிரித்தான். பிறகு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். கையைத் துவாலையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா," என்று கல்லாப் பக்கம் குரல் கொடுத்தான், "யாராவது சட்டை கேட்டு வந்தா, நாளைக்கு வரச் சொல்லு."